மாணவரும் உடையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டில் வழங்கும் ஒரு பழமொழி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யும் பெரியோர் பலர் உளர். ஆயினும் இவை ஒரே பொருளைக் கூறுவன அல்ல. முன்னது காண்பவன் கண்ணைப் பற்றியது; பின்னது உடுத்துபவன் கையைப் பற்றியது. முன்னதை நம்புகிறவன் எதிரில் வருபவனுடைய சட்டையின் விலையை மதிப்பிடுகிறான். பின்னதை நம்புகிறவனோ அது துவைத்ததா என்று மட்டும் பார்க்கிறான். கலாசாலைகளில் மாணவர் உடையைக் குறித்து எழும் வழக்குகளிற் பெரும்பாலானவை, இவ்விரண்டனுள் எதனைக் கைக்கொள்வது என்று தெளியாமையால் விளைவனவே என்பது என் கருத்து.

வகுப்பறையில் மாணவர் முறையாக உடுத்தல் அவசியமா என்று கேட்டால், அவசியமே என்று விடையளிப்பது எளிது. யானும் அவ்வாறே விடையளிப்பேன். ஆனால் அம்மறுமொழியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. முறை என்பது யாது? அதனை வகுப்பவர் யார்? அதினின்று தவறியவனுக்கு நேர்வது என்ன? இம்மூன்றையும் விடுத்து உடையின் பெருமையைப் பேசுவது, கிணற்றின் ஆழத்தை அறியாது கயிற்றின் நீளத்தைப் பேசுவதை ஒக்கும்.

நம் நகரத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. அடையாற்றுக்கு அண்மையில், சர்தார் பட்டேல் சாலையை ஒட்டி விளங்கும் அண்ணா பல்கலைக்கழகம், 2005-ஆம் ஆண்டில் தன்னைச் சார்ந்த பொறியியற் கலாசாலைகளின் மாணவர்க்கு உடைவிதி ஒன்றை ஏற்படுத்தியது. ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேற்சட்டை, உடலை இறுகப் பிடிக்கும் உடை முதலியன விலக்கப்பட்டன. கலாசாலைக்குள் செல்பேசியும் விலக்கப்பட்டது. கல்விக்குரிய இடத்தில் கேளிக்கைக்குரிய கோலம் கூடாது என்று அவ்விதியை ஆதரித்தோர் கூறினர். வயது வந்தவர்கள் எதை உடுப்பது என்று பிறர் சொல்லலாகாது என எதிர்த்தோர் கூறினர். பத்திரிகைகளில் சில வாரங்கள் பெருஞ்சொற்போர் நிகழ்ந்தது.

அச்சொற்போரில் இரு திறத்தாரும் கவனியாது விட்ட செய்தி ஒன்று உண்டு. ஜீன்ஸ் என்னும் கால்சட்டை எங்கே பிறந்தது? அமெரிக்காவில் சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் உழைத்த தொழிலாளருக்காகப் பிறந்தது. பைகளின் மூலைகள் கிழியாதிருக்கச் செப்பாணி அறையும் முறைக்கு லெவி ஸ்டிராஸ் என்னும் வணிகரும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும் 1873-இல் உரிமைப் பத்திரம் பெற்றனர். இயந்திரங்களோடு மல்லாட வேண்டிய பொறியியல் மாணவனுக்கு, உழைப்பாளியின் கால்சட்டை ஆகாது என்று விதித்தது ஒரு விநோதமே. தடித்த பருத்தித் துணி தீப்பொறிக்கும் உராய்தலுக்கும் ஈடுகொடுக்கும். பட்டறையில் அதனினும் பொருத்தமான உடை அரிது. அதை விலக்கியவர்கள் துணியின் குணத்தைப் பார்க்கவில்லை. அத்துணியைப் பற்றித் திரைப்படம் உண்டாக்கிய எண்ணத்தைப் பார்த்தார்கள். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் கட்சி இதுவேயாம்.

இன்னொன்றையும் நோக்குக. கிண்டியிலுள்ள பொறியியற் கலாசாலை 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய மிகப் பழைய நிலையம். அதனுட் பெண்கள் மாணவியராய் நுழைந்தது ஏறத்தாழ 1940-இல். ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்னும் மூவர் முதன்முதற் சேர்ந்தனர். அவருள் லலிதா பதினெட்டு வயதிற் கைம்மை எய்தி, கைக்குழந்தையோடு இருந்தவர். அவர்களுக்கு வழங்கப்பட்ட பட்டப் பத்திரங்களில் ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்தமையால், அதனை அடித்துப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத நேர்ந்தது என்பர். பெண்ணைக் குறிக்க ஒரு சொல்லேனும் முன்பு வைத்திராத இடம், அறுபத்தைந்து ஆண்டு கழித்து அவள் மேற்சட்டையின் கைநீளத்தைக் குறிக்கப் பல சொற்களை வைத்திருந்தது! பொதுவாக நம் கலாசாலைகளின் உடைவிதிகளைப் படித்துப் பாருங்கள். ஆடவர்க்கு இரண்டு வரி, பெண்டிர்க்கு அரைப் பக்கம் என்ற கணக்கில்தான் அவை அமைந்திருக்கும். ஒழுங்கு இருபாலார்க்கும் பொதுவாயின் விதியின் நீளமும் பொதுவாக இருத்தல் வேண்டுமன்றோ?

இனி, உடை அறிவை வளர்க்குமோ என்னும் கேள்வி. நல்லுடை உடுத்தால் மனம் ஒருமைப்படும், படிப்பு ஏறும் என்று சொல்வோர் உளர். இதனை மேல்நாட்டார் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். 2012-இல் ஆடம், காலின்ஸ்கி என்னும் இரு உளநூலார், வைத்தியர் அணியும் அங்கி என்று சொல்லி வெள்ளை அங்கியைச் சிலருக்கு அணிவித்தனர். அதே அங்கியை ஓவியன் அங்கி என்று சொல்லி வேறு சிலருக்கு அணிவித்தனர். வைத்தியர் அங்கி என்று எண்ணி அணிந்தவர்கள் கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையில் மேம்பட்டனர் என்று எழுதினர். உலகெங்கும் இச்செய்தி பரவிற்று. ஆனால் 2019-இல் வேறு சிலர் இன்னும் பலரைக் கொண்டு அச்சோதனையின் ஒரு பகுதியைத் திருப்பிச் செய்தபோது அப்பயன் காணப்படவில்லை. பள்ளிச் சீருடையைப் பற்றியும் இவ்வாறே. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லாங் பீச் நகரம் 1994-இல் தன் பொதுப் பள்ளிகளிற் சீருடையைக் கட்டாயமாக்கியது. குற்றங்கள் குறைந்தன என்று பெருமை பேசப்பட்டது. 1998-இல் பிரன்ஸ்மா, ராக்கமோர் என்னும் ஆராய்ச்சியாளர் அந்நாட்டு மாணவர் பலரைப் பற்றிய கணக்குகளை ஆராய்ந்து, சீருடையால் வருகையோ நடத்தையோ திருந்தியதாகக் காணோம் என்று வெளியிட்டனர். ஆகவே, சலவை மடிப்புக் கலையாத சட்டை அணிந்தவுடன் வித்தை வந்து குடிபுகும் என்று யாரும் ஏமாற வேண்டா.

அப்படியாயின் உடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்றால், வேண்டும் இடமும் உண்டு. அது வகுப்பறையினும் ஆய்வுக்கூடமும் பட்டறையும் ஆகும். அங்கே உடைவிதி நாகரிகம் பற்றியதன்று. தோலும் கண்ணும் பற்றியது. ரஸாயனக் கூடத்திற்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் துப்பட்டாவோடு வரும் மாணவி, பன்சென் அடுப்பின் மேல் சற்றே குனிந்தாற் போதும். பருத்தி எரிந்து சாம்பலாகும். செயற்கை நூலோ உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். அதனைப் பிரித்தெடுத்தல் தோலையே பிரித்தெடுத்தலாகும். ஆயினும் பருத்தியே எல்லா இடத்தும் காக்கும் என்று எண்ணலாகாது. நீர்த்த கந்தகத் திராவகம் ஒரு துளி பருத்திச் சட்டையிற் பட்டால் அப்போது யாதும் தோன்றாது. நீர் ஆவியாகப் போகப் போகத் திராவகம் செறிவடைந்து நாரை அரிக்கும். மாணவன் வீடு சென்று துவைத்த பிறகே துளை தெரியும். தாய் சோப்பின் மீது பழி போடுவாள். இது பற்றியே சட்டையின் மேல் ஓர் அங்கி வேண்டுமென்பது. அங்கி என்பது அலங்காரமன்று. சட்டைக்குப் பதிலாகக் கெடுவதற்கென்றே நாம் அணியும் துணி.

பட்டறையிற் கடைசல் இயந்திரம் சுழலும்போது, பொத்தான் இடாத முழுக்கை, தொங்கும் துண்டு, தழைந்த வேட்டி, அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் அதன் வாயிற் சிக்கலாம். சிக்கியபின் இயந்திரம் நிற்பதற்கு முன் கை போய்விடும். திறந்த செருப்பும் அத்தகையதே: உடைந்த கண்ணாடியும், கைதவறிய இரும்புத் துண்டும் பாதத்தைத் தேடியே விழும். இவ்விடங்களில் உடைவிதி கண்டிப்பாக இருத்தல் வேண்டும். ஆசிரியனாயினும், வேடிக்கை பார்க்க வந்த விருந்தினனாயினும் விலக்குக் கூடாது. இங்ஙனம் காரணம் கூறப்பட்ட விதியை மாணவர் எதிர்ப்பதை யான் கண்டதில்லை. காரணம் கூற இயலாத விதிக்கே காவலும் அபராதமும் தேவைப்படுகின்றன.

தட்பவெப்பமும் ஒரு காரணமேயாம். அதனை நம் விதிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. சென்னையிற் கத்திரி வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. கடலோர ஈரக் காற்றில் வியர்வை உலர்வதில்லை. அந்நாளில் கழுத்துப் பட்டையும், சாக்ஸும், மூடிய சப்பாத்தும் அணிந்து, மின்விசிறி ஓடாத வகுப்பில் அறுபது பேர் அமர்ந்திருப்பது மனத்தை ஒருமைப்படுத்துமா, அடுத்திருப்பவனிடமிருந்து விலகி உட்காரச் செய்யுமா? ஐப்பசி கார்த்திகை அடைமழையிலோ துவைத்த கால்சட்டை மூன்று நாளாயினும் உலர்வதில்லை. ஈரத்தை அணிந்து வந்தால் நாற்றம். அணியாது வந்தால் விதிமீறல். மயிலாப்பூர் மாடவீதியில் மாடியும் கொடிக்கயிறும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு சிரமமன்று. ஒற்றை அறையில் ஐவர் வாழும் பிள்ளைக்கு இது ஒவ்வோர் ஆண்டும் வரும் பரீட்சை.

உடைக்கும் கல்விக்கும் நம் நாட்டில் உள்ள தொடர்பு இவ்வளவே அன்று. அதற்கு ஒரு நீண்ட, கசப்பான சரித்திரம் உண்டு. தென் திருவிதாங்கூரில், இன்று கன்னியாகுமரி மாவட்டமாயுள்ள பகுதியில், சில சாதிப் பெண்கள் மேலாடை அணிதல் கூடாது என்ற வழக்கம் இருந்தது. லண்டன் மிஷன் பள்ளிகளிலும் சபைகளிலும் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாயினர். அதனாற் கடைவீதியில் அவர்தம் சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களும் ஜெபாலயங்களும் தீக்கிரையாயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில், 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மகாராஜா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேலாடை அணியலாம், ஆனால் மேற்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது! அனுமதி வழங்கியபோதும் வேற்றுமையை ஒரு முழத் துணியிற் காப்பாற்றிக் கொண்டார்கள்.

இது பழங்கதை என்று சொல்லி ஒதுக்குவோர் 1931-ஆம் ஆண்டை நோக்குக. இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கம் செலுத்திய சாதியார் சிலர், ஆதி திராவிடர்க்கும் தேவேந்திரருக்கும் பதினொரு தடைகளை விதித்தனர். அவ்வாண்டின் ஜனக்கணக்கை நடத்திய ஹட்டன் என்பவர் அவற்றைத் தம் நூலிற் பதிந்து வைத்துள்ளார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அவர்தம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, கல்வி கற்கலாகாது என்பது மற்றொன்று. உடையும் கல்வியும் ஒரே பட்டியலில் நின்றமை தற்செயலன்று. ஒருவனைப் பார்த்தவுடன் தாழ்ந்தவன் என்று அறிய வேண்டுமாயின், அவன் உடையும் குறைவாயிருத்தல் வேண்டும், அவன் சொல்லும் குறைவாயிருத்தல் வேண்டும் என்பது அவ்விதியை வகுத்தோர் கணக்கு.

மயிலாப்பூரிலும் இத்தகைய கணக்கு இருந்ததுண்டு. ஆனால் அது வீட்டுக்குள்ளே இருந்தது. பிராமணக் குலத்தில் இளம் பருவத்தே கணவனை இழந்த சிறுமியர்க்குத் தலை மழித்து, அணிகளை நீக்கி, ஒரு முரட்டுத் துணியைச் சுற்றி, அறையின் மூலையில் இருத்துவது அக்கால வழக்கம். அக்கோலமே அவளுக்குப் பூட்டு. வாயிற் கதவுக்குத் தனியே பூட்டு வேண்டியதில்லை. அக்கோலத்தோடு எந்தப் பள்ளிக்குச் செல்வாள்? 1886-இல் மயிலாப்பூரிற் பிறந்த சுப்பலட்சுமி அம்மையார் பதினொரு வயதளவிற் கைம்மை எய்தினார். அவர் பெற்றோர் அவரை அக்கோலத்துக்கு உட்படுத்தாது படிக்க வைத்தனர். 1911-இல் பிரஸிடென்ஸிக் கலாசாலையிற் படித்து முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். பின்பு தம்மைப் போன்ற சிறுமியரைத் திரட்டி இல்லம் ஒன்று நடத்தினார். கடற்கரையை நோக்கி நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், அப்பெண்கள் தங்கிப் படித்து ஆசிரியைகளாய் வெளிவந்தனர். அவ்வில்லத்திலிருந்து பள்ளிக்குச் சென்ற சிறுமிக்கு, மற்றச் சிறுமியைப் போல் உடுத்துச் செல்வது ஆடம்பரமா, அவசியமா என்று நம்முள் யாரேனும் கேட்போமா?

ஆக, உடை ஒன்றுமில்லை, அறிவே பெரிது என்று சொல்லுவோர் பெரும்பாலும் உடையால் ஒருநாளும் துன்புறாதவர்களே. காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையில் தம் மேலாடையைக் களைந்து முழந்துண்டு உடுத்தார், உலகம் வணங்கிற்று. அவர் வேண்டுமென்று களைந்தார். கட்டாயத்தால் முழந்துண்டு உடுத்தவனோ, ஒரு முழுச் சட்டை அணிந்த நாளைத்தான் தன் விடுதலை நாளாக எண்ணுவான்.

இதனை அறிந்தவர் காமராசர். அவர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் (1954–1963), பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். ஊரார் கொடுத்த நன்கொடையாற் பள்ளிக்குக் கட்டடமும், பலகையும், பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கிடைத்தன. சீருடை என்பது இங்ஙனம் நம் ஏழைப் பள்ளிகளிற் புகுந்தது. சீமையில் அதன் கதை சற்று வேறு. லண்டனில் 1552-இல் தோன்றிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியின் நீல அங்கி, தருமத்தில் வளரும் பிள்ளை என்பதைக் காட்டிய அடையாளம். பின்னரே செல்வர் பள்ளிகள் சீருடையைப் பெருமைக்குரியதாக்கின. நம் நாட்டிலோ, பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறத்தில் ஒரே பலகையில் உட்காரவேண்டும் என்பது நோக்கம். 1985 முதல், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாகச் சீருடை வழங்கலாயிற்று. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு ஜோடி என ஆக்கினர். இந்த ‘நான்கு’ என்னும் எண் அற்பமானதன்று. ஒரு ஜோடி மட்டும் உள்ள பிள்ளை அதனை இரவில் துவைத்து விடியுமுன் உலர்த்தியாக வேண்டும். உலராத நாள் பள்ளிக்கு வாராத நாள். துவைத்து உடுத்து என்று உபதேசிப்பவன், மாற்றுத் துணியும் கொடுத்தாலன்றி அவ்வுபதேசம் வெறுஞ்சொல்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரைபுரண்டபோது இது எல்லார் கண்ணிலும் பட்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தாழ்ந்த இடத்து வீடுகளில், பாத்திரம், பண்டம், சான்றிதழ், புத்தகம், உடை யாவும் ஒருங்கே போயின. அரசாங்கம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு சீருடையையும் மறுபடி வழங்க முன்வந்தது. புத்தகமும் சட்டையும் கல்விக்கு ஒப்பக் கருவியே என்பதை அந்த ஓர் ஆணை ஒப்புக்கொண்டது.

உடை சேர்த்து வைக்கவும் வல்லது, விலக்கி வைக்கவும் வல்லது என்பதற்கு இன்னும் ஒரு சான்று கூறுவேன். 2014 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்திச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்துக்குச் சென்றார். வேட்டிக்கு இங்கே இடமில்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். சட்டசபையில் யாவரும் கொதித்தெழுந்தனர். அடுத்த மாதமே, வேட்டியும் இந்திய மரபுடையும் அணிந்தவரை மன்றங்களிலும் பொது இடங்களிலும் தடுத்தல் குற்றம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. நன்று. ஆனால் நீதிபதிக்கு நேர்ந்த அவமதிப்பு ஒரு மாதத்திற் சட்டமாயிற்று. அதே நகரத்தில், ரப்பர்ச் செருப்பு அணிந்து வந்தமைக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படும் மாணவனைப் பற்றி எந்தச் சபையிலும் கேள்வி எழுந்ததில்லை.

அவ்வாறு நின்றவன் ஒருவனை யான் அறிவேன். யான் பயின்ற நாளில், ஒரு கலாசாலையில், எனக்கு ஒரு வகுப்பு மூத்தவன் அவன். சப்பாத்தின் அடி பிய்ந்துவிட்டது, தைப்பதற்குக் கொடுத்திருந்தான். இரண்டு நாள் முதல் மணி வகுப்பில் அவனை வெளியே நிறுத்தினர். அவன் தாழ்வாரத்துச் சன்னலோரம் நின்று, கணக்குப் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டான். உள்ளே காலில் பளபளக்கும் சப்பாத்தோடு உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வருகை பதியப்பட்டது, அவனுக்குப் பதியப்படவில்லை. முறையான உடை எது என்ற வினாவுக்கு அந்தத் தாழ்வாரம் ஒரு விடை கூறிற்று. உள்ளிருந்த எங்களுக்கு அது அப்போது கேட்கவில்லை.

வருகை என்பது விளையாட்டன்று. நம் பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாதவன் பரீட்சை எழுத இயலாது. உடைக்காக வகுப்பை மறுப்பது, ஆகவே, உடைக்காகப் பட்டத்தையே மறுப்பதில் முடியலாம். கர்நாடகத்தில் உடுப்பியில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில், தலையை மூடும் துணியை நீக்காமைக்காக முஸ்லிம் மாணவியர் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 2022 மார்ச்சில் அம்மாநில உயர் நீதிமன்றம் தடையைச் சரியென்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு வழங்கினர். தடை தவறென்ற நீதிபதி சுதான்ஷு துலியா, தம் மனத்தில் முதன்மையாய் நின்றது பெண்பிள்ளையின் கல்வியே என்றார். சமயக் கேள்வியைச் சட்டம் அறிந்தோர் ஆராய்க. கதவைச் சாத்துவதால் இழப்பவர் யார் என்னும் அவர் கேள்வியோ எல்லா உடைவிதிக்கும் பொருந்தும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, யான் துணிந்த சிலவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன். உடை தூயதாயிருத்தல் வேண்டும்; இதிற் சமாதானம் இல்லை. வறுமை அழுக்குக்குக் காரணம் என்று சொல்வது வறியவரை அறியாதார் கூற்று. வீட்டில் ஒரே சேலை உள்ள தாய்தான் பிள்ளையின் சட்டையைக் கல்லில் அடித்து வெளுக்கிறாள். செல்வர் வீட்டு மாணவர் சிலரிடம், வேண்டுமென்றே கிழித்து விற்கும் கால்சட்டையைக் காண்கிறேன். அது குற்றமன்று என்றே கொள்வோம். பக்கத்திலிருப்பவன் தன் கிழிசலை மறைக்க ஊசியைத் தேடும் வகுப்பில் அது சற்றே கண்ணற்ற செயல் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். உடுப்பது அடுத்தவனைச் சிறுமைப்படுத்தாதிருத்தல் வேண்டும் என்பதே யான் அறிந்த முறை.

விதி செய்வதாயின் இருபாலார்க்கும் ஒன்றாகவும், ஆசிரியர்க்கும் சேர்த்தும் செய்க. செய்யுமுன் மாணவரையும் கேட்க. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை எழுதுவோர் கறுப்பு உடையும் அங்கியும் அணியும் பழைய வழக்கம் வேண்டுமா என்று 2015-இல் மாணவரிடையே வாக்கெடுத்தனர். முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோர் வேண்டுமென்றே வாக்களித்தனர். கேட்டால் மாணவர் எல்லாவற்றையும் தள்ளிவிடுவர் என்னும் அச்சம் வீண். தவறியவனை அழைத்துத் தனியே பேசுக. ஐம்பது பேர் முன்னிலையில் அவன் காலையும் கழுத்தையும் சுட்டிக் காட்டற்க. எக்காரணம் பற்றியும் வகுப்பின் கதவைச் சாத்தற்க.

‘நாளை உத்தியோகத்துக்கு நேர்முகம் காணச் செல்லும்போது உலகம் இவன் உடையைப் பாராதா? இப்போதே பழக்க வேண்டாமா?’ என்று சிலர் கேட்பர். உலகம் பார்க்கும், உண்மையே. 2019-இல் நம் தலைமைச் செயலகத்து ஊழியர்க்கே உடையொழுங்கு ஆணை பிறந்தது. ஆயின் நேர்முகத்துக்கு உடுப்பதை ஒரு வாரத்திற் கற்பிக்கலாம். அதற்காக மூன்றாண்டு ஒருவனை வாயிலில் நிறுத்திப் பழக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு மாணவர் பலர்க்கு அன்று தேவைப்படுவது உபதேசமன்று. அளவான ஒரு முழுக்கைச் சட்டையும், ஒரு ஜோடி சப்பாத்தும், அவற்றை இரண்டு நாளுக்கு இரவல் தரும் ஒரு கையுமே.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு இதுபற்றி ஒரு விண்ணப்பம். ரஸாயனக் கூடத்தின் வாயிலில் பன்னிரண்டு பருத்தி அங்கிகளும், பட்டறை வாயிலிற் பல அளவில் ஆறு ஜோடி மூடிய சப்பாத்துகளும் எப்போதும் தொங்குமாறு ஏற்பாடு செய்யலாம். விடுதிக் காப்பாளர் அறையில் பூட்டில்லாத ஓர் அலமாரி வைத்து, நேர்முகத்துக்கு ஆகும் சட்டைகளை அதில் அடுக்கலாம். எடுப்பவன் பெயரை எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டா. துவைத்து மடித்துத் திருப்பி வைக்க வேண்டும் என்று கதவின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டினாற் போதும்.